ஹூஸ்டன் பக்கம் குடிபெயரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினசோட்டாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் நண்பர்கள் அழைத்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "அங்கே வேலை கிடைத்திருக்கிறது, வீடும் மலிவாக இருக்கிறது. அந்தப் புழுக்கத்தைத் தாங்க முடியுமா?" நான் கடலூரில் பிறந்தவன். மிச்சிகனில் எட்டு ஆண்டுகள் பனி வாரிவிட்டு 2014-இல் டெக்சஸின் வளைகுடாக் கரைக்குக் குடும்பத்தோடு வந்தேன். எல்லோரும் புழுக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அதனால்தான் கேள்விகளைத் தொகுத்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்னையிலும் கடலூரிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புழுக்கம் ஒரு பொருட்டா?

பொருட்டுதான். ஆகஸ்டில் இங்கே பகல் வெயில் 35, 36 டிகிரி செல்சியஸ். நம் கத்திரி வெயிலோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஆனால் இங்கே பார்க்க வேண்டிய எண் வேறு. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள். அது 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்புக்குச் சுகம். 21-ஐத் தாண்டினால் வியர்வை காயாது. ஹூஸ்டனில் ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அது 23, 24-ஐ ஒட்டியே நிற்கும். இரவிலும் இறங்காது. விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போனாலும் சட்டை நனைந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

சென்னையிலும் ஈரம் இதே அளவுதான். வாழும் முறைதான் வேறு. அங்கே சன்னல் திறந்திருக்கும், மின்விசிறி சுழலும், பிற்பகலில் கடற்காற்று வரும், உடம்பு நாள் முழுக்க அந்தக் காற்றிலேயே பழகிக்கிடக்கும். இங்கே வீடு, அலுவலகம், கடை எல்லாம் மூடிய குளிரறைகள். வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துப்போகும். இப்படி உள்ளும் வெளியுமாக அலைவதால் உடம்பு எதற்கும் பழகுவதில்லை.

அக்டோபரில் வடக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று இறங்கும். அன்று தெருவே வெளியே வந்து நிற்கும். அதிலிருந்து ஏப்ரல் வரை, சில கடும் குளிர் நாட்களைத் தவிர்த்தால், நான் வாழ்ந்த ஊர்களிலேயே இதமான பருவம் இதுதான். மிச்சிகனில் ஆறு மாதம் வீட்டுக்குள் இருந்தோம். இங்கே நாலு மாதம். மாதங்கள்தான் மாறியிருக்கின்றன.

எப்போது வந்து ஊரைப் பார்ப்பது?

ஆகஸ்ட் பின்பாதியில். வேலை தருபவர்கள் மார்ச் மாதத்தில் அழைத்து வருவார்கள். அப்போது அசேலியா பூத்திருக்கும், எல்லோருக்கும் ஊர் பிடித்துவிடும். ஆகஸ்டில் ஐந்து நாள் தங்குங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தையோடு நீங்களும் ஏறிக் கிளம்பிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அடைமழை பெய்தால், பத்திரமான இடத்தில் நின்று, நீங்கள் பார்த்த தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். இணையத்தில் பார்க்கும் எந்தப் படமும் அதைச் சொல்லாது.

ஹார்வி புயலில் வந்தது போல இன்னொரு வெள்ளம் வருமா?

வரும் என்று எண்ணித்தான் வீடு பார்க்க வேண்டும். நிலம் தட்டையானது. மண் தண்ணீரை மெல்லவே உறிஞ்சும் களிமண். அதன்மேல் மைல் கணக்கில் கான்கிரீட். நகர மையத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர். அங்கிருந்து கால்வெஸ்டன் கடற்கரை 80 கிலோமீட்டர். இந்தச் சிறு சரிவில் மழைநீரை 'பேயூ' எனப்படும் மந்தமான ஓடைகள்தான் வளைகுடாவுக்குக் கொண்டுபோக வேண்டும். நம் கூவத்தையும் அடையாற்றையும் கடலை நோக்கித் தள்ளுவதற்கு எவ்வளவு பாடு படுகிறோமோ, அதே பாடுதான்.

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி கரையேறியது. அது கடந்துபோகாமல் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டே நின்றது. நீடர்லாண்ட் என்ற ஊரில் 60.58 அங்குல மழை, அதாவது 1,500 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது கூடுதல். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீட்டில் வாசல் நடைபாதையின் பாதி வரை ஏறி மூன்று நாள் நின்றது. இரவெல்லாம் டார்ச் அடித்து, செங்கல்லில் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடி விழித்திருந்தோம்.

ஹார்வி மட்டும் வந்திருந்தால் அபூர்வம் என்று விட்டுவிடலாம். 2001-இல் அலிசன், 2015 மே மாத வெள்ளம், 2016 ஏப்ரல் வெள்ளம், 2019-இல் இமெல்டா என்று பட்டியல் நீள்கிறது.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறைதானே?

இல்லை. இந்தத் தவறான புரிதலால் பலர் வீட்டை இழந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான் பொருள். போன ஆண்டு வந்தது என்பதற்காக இந்த ஆண்டு வராமல் இருக்காது. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 26. ஏறக்குறைய நாலில் ஒன்று.

மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் ஏ.ஈ. என்று குறித்திருந்தால் இந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். எக்ஸ் என்றால் வெளியே. ஆனால் ஹார்வியில் ஹாரிஸ் கவுன்டியில் மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவை நூறாண்டு எல்லைக்கு வெளியே இருந்தவை. எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

"இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை" என்கிறார்கள். நம்பலாமா?

எழுத்தில் கேளுங்கள். வெள்ளம் வந்ததா, நூறாண்டு அல்லது ஐந்நூறாண்டு எல்லைக்குள் இருக்கிறதா, நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புக்குள் வருகிறதா என்பதையெல்லாம் விற்பவர் தமக்குத் தெரிந்தவரை எழுதித்தர வேண்டும் என்று டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. வாடகைக்கு விடுபவர்களுக்கும் 2022 முதல் இதுபோன்ற கடமை வந்துவிட்டது.

2016-இல் நாங்கள் வீடு தேடியபோது தென்மேற்கே பிரேஸ் பேயூவுக்கு அருகில் ஒரு வீடு. புதுத் தரை, புதுச் சமையலறை, விலையும் கைக்கெட்டும் தொலைவு. என் மனைவி கராஜுக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். தரையிலிருந்து நான்கடி உயரத்தில் சுவர் முழுக்க ஒரே நேர்க்கோடு. கோட்டுக்குக் கீழே பூச்சு வேறு, மேலே வேறு. வெள்ளம் வடிந்த வீட்டில் நனைந்த சுவர்ப்பலகையை நான்கடிக்கு அறுத்தெறிந்துவிட்டுப் புதிது பொருத்துவார்கள். முகவரிடம் கேட்டோம். "உள்ளே புதுப்பித்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். எதிர்வீட்டுப் பெரியவரிடம் போய்க் கேட்டோம். முழங்கால் வரை கையைத் தாழ்த்திக் காட்டி, "போன மே மாதத்துக்கு முந்தைய மே" என்றார். திரும்பி வந்துவிட்டோம். அடுத்த ஆண்டு ஹார்வியில் அந்தத் தெரு மறுபடி மூழ்கியது. அந்த வீட்டை வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே எதிர்வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கட்டாயம் பேசுங்கள். கராஜ், அலமாரிகளின் உட்சுவர், கழுவுதொட்டிக்கு அடியில் என்று புதுப் பூச்சு மறந்துபோகும் இடங்களைப் பாருங்கள். தரைத்தளம் தெருவிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து கொள்ளுங்கள். இந்த ஊரில் கனமழையின்போது தெருக்களே தற்காலிகக் கால்வாய்கள். தெருவில் தண்ணீர் நிற்பது தவறில்லை, வீட்டுக்குள் ஏறக் கூடாது. ஹூஸ்டன் மாநகர எல்லைக்குள் வெள்ளப் பகுதியில் 2018 செப்டம்பருக்குப் பிறகு கட்ட அனுமதி பெற்ற வீடுகள் ஐந்நூறாண்டு வெள்ளமட்டத்துக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். அதனால் கட்டிய ஆண்டும் முக்கியம்.

மேற்கே கேட்டி என்ற ஊர்ப் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்களே, அங்கே வாங்கலாமா?

நல்ல பள்ளிகள், தமிழ்க் குடும்பங்கள், வேலைக்கும் அருகில். வாங்கலாம், ஆனால் ஒரு சோதனை செய்த பிறகு. நகரின் மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் 1940-களில் கட்டப்பட்டன. சாதாரண நாளில் அவை வறண்ட காடும் பூங்காவும்தான். அங்கே மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறோம் என்ற நினைவே இருக்காது. கனமழையில் மட்டும் அவை நிரம்பும். அரசு வாங்கிய நிலத்தைத் தாண்டியும் நீர் தேங்கக்கூடிய இடங்களில் காலப்போக்கில் குடியிருப்புகள் வந்துவிட்டன. ஹார்வியில் அணைக்கு மேற்புறமிருந்த வீடுகளுக்குள் தேங்கிய நீர் ஏறியது. அணையைக் காக்கத் திறந்துவிட்ட நீர் கீழ்ப்புறத்துப் பஃபலோ பேயூ கரையோர வீடுகளை மூழ்கடித்தது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல மேற்புறக் குடும்பங்கள் வீடு வாங்கியபோது தங்கள் மனை தேக்கத்தின் எல்லைக்குள் இருப்பதை அறிந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தாலும் சேற்றில் போன கல்யாண ஆல்பங்கள் திரும்ப வரப்போவதில்லை. கேட்டியில் இந்த எல்லைக்கு வெளியே நூற்றுக்கணக்கான நல்ல தெருக்கள் இருக்கின்றன. உங்கள் விலாசம் எந்தப் பக்கம் என்பதைக் கவுன்டியின் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வீட்டுக் காப்பீடு எடுத்தால் வெள்ளத்துக்கும் சேருமா?

சேராது. வழக்கமான வீட்டுக் காப்பீடு கூரை வழியே வரும் மழைக்கு உதவலாம். தரைவழியே ஏறிவரும் வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருட்களுக்கு 1,00,000 டாலர். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். கடன் வாங்கி வீடு முடிக்கும்போது எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகு எடுத்துப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

காற்றுச் சேதத்துக்கு இன்னொரு கணக்கு. நீங்கள் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகை, காப்பீட்டு மதிப்பில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று இருக்கும். நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் எட்டாயிரம். கால்வெஸ்டன் போன்ற கடலோரக் கவுன்டிகளில் பல தனியார் நிறுவனங்கள் காற்றுக்குக் காப்பீடு தருவதே இல்லை, அதற்கென உள்ள மாநில ஏற்பாட்டில் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டு விலையைப் பேசுவதற்கு முன்பே இந்த மூன்றின் விலையையும் கேட்டுவிடுங்கள். மலிவு என்று நினைத்த வீடு அப்போதும் மலிவாக இருந்தால் மேலே பேசலாம்.

மின்வெட்டு அவ்வளவு மோசமா?

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையேறியது. புயல் வகைகளில் எண் ஒன்றுதான், இருப்பதிலேயே வலுக் குறைந்தது. ஆனாலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அதற்கு ஏழு வாரம் முன்புதான், மே 16-இல், ஒரு சூறைக்காற்று நகர மையத்துக் கட்டடங்களின் கண்ணாடிகளை உடைத்துப்போட்டிருந்தது. பெரிலுக்குப் பிறகு எங்களுக்கு ஆறு நாள் மின்சாரம் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அப்போது 74 வயது. முதல் இரவில் ஈரத்துண்டால் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டோம். இங்கத்திய வீடுகள் குளிரூட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை, திண்ணையும் முற்றமும் இல்லாதவை. ஏசி நின்றால் வீடு அடுப்பாகிவிடும். மறுநாள் காலை அம்மாவை சான் அன்டோனியோவிலுள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஜெனரேட்டர் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று: அதை வீட்டுக்குள்ளோ, கராஜிலோ, சன்னலுக்கு அருகிலோ ஓட்டாதீர்கள். ஆறு மீட்டராவது தள்ளி வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. 2021 பிப்ரவரி உறைபனியில் ஹூஸ்டனில் குளிர் காய கராஜில் காரை ஓடவிட்டவர்கள் இறந்தார்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் ஆபத்து நீங்காது.

புயல் அறிவித்ததும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டுமா?

விலாசத்தைப் பொறுத்தது. கடலோரத்துக்கும் கால்வெஸ்டன் விரிகுடாவை ஒட்டிய பகுதிகளுக்கும் அஞ்சல் குறியீட்டின்படி வெளியேற்ற மண்டலங்கள் வகுத்திருக்கிறார்கள். அங்கிருப்பவர்களுக்குக் கடல் ஏறிவருவதுதான் பெரிய ஆபத்து. சொன்னதும் கிளம்பிவிட வேண்டும். 2008-இல் ஐக் புயலின்போது கடல்நீர் ஏறியதில் பொலிவர் தீபகற்பத்தில் வீடுகள் அடியோடு போயின. மேற்கிலும் வடக்கிலும் உள்நாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சாலையில் இறங்கினால் கடலோர மக்களுக்கு வழி அடைபடும். 2005-இல் ரீட்டா புயலுக்கு முன் அப்படித்தான் நடந்தது. நெரிசலிலும் வெப்பத்திலும் சிக்கி இறந்தவர்கள், காற்றாலும் மழையாலும் இறந்தவர்களைவிட மிக அதிகம்.

தேங்கிய நீருக்குள் காரை விடாதீர்கள். வெள்ளச் சாவுகளில் பாதிக்கும் மேல் வாகனத்துக்குள் நிகழ்பவை. நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் தாழ்வான பாதைகளில் ஆழம் தெரியாது.

பூஞ்சை பிடிக்கும் என்கிறார்களே? பட்டுப்புடவைகள் என்ன ஆகும்?

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பிடிக்கும். பத்துப் பதினைந்து டாலருக்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. இரண்டு வாங்கி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். 45-க்கும் 55-க்கும் நடுவே இருந்தால் புடவைகளுக்கும் பயமில்லை, உங்களுக்கும் பயமில்லை.

பெரிய ஏசி நல்லது என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மிஞ்சியது வீட்டைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரம் இருக்காது. குளிர்ந்தும் பிசுபிசுத்தும் இருக்கும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான். இங்கே ஏசியின் ஒரு பகுதி பரணில் இருக்கும். அதிலிருந்து வடியும் நீர்க்குழாயில் பாசி அடைத்தால் கூரை ஒழுகும். மாதம் ஒரு முறை அதில் ஒரு குவளை வினிகர் ஊற்றுங்கள். சமையலறைப் புகைபோக்கி ஆவியை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். நம் சமையலுக்கு வெளியே தள்ளுவதுதான் வேண்டும். நவராத்திரி கொலு பொம்மைகளை அட்டைப்பெட்டியில் வைத்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். எங்கள் மரப்பாச்சி அப்படித்தான் வெளுத்துப்போனது.

குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறது.

மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் ஓக் மரங்களின் மகரந்தம் கார்களின் மேல் மஞ்சள் மாவாகப் படியும். கோடையில் ஓசோன், ஆண்டு முழுதும் பூஞ்சை வித்துகள். நகரின் கிழக்கே கப்பல் கால்வாயை ஒட்டி எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. 2019 மார்ச்சில் டீர் பார்க்கில் ரசாயனத் தொட்டிகள் நாட்கணக்கில் எரிந்து நகரமெங்கும் கரும்புகை பரவியது. அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டாருக்குக் கிழக்குப் பக்கம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவார்கள். சிரமப்படுவார்களா?

அக்டோபரில் வரவழைத்து மார்ச்சில் அனுப்புங்கள். பெரில் வந்த ஆண்டு அம்மாவை ஜூனில் அழைத்தது என் தவறு. குளிர்காலத்தில் அவர்கள் சால்வையோடு காலையில் நடக்கலாம். நகரின் தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் 1982 முதல் இருக்கிறது. என் அம்மாவுக்கு அந்தப் பிராகாரத்தைச் சுற்றிவந்தால் மதுரையில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் கார் இல்லாமல் எங்கும் போக முடியாது, பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. கோயிலுக்குப் பக்கமா, அலுவலகத்துக்குப் பக்கமா என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கேட்டியிலிருந்து பியர்லேண்ட் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

மாநில வருமான வரி இல்லையாமே?

இல்லை. அதற்கு ஈடாகச் சொத்துவரி பல இடங்களில் வீட்டு மதிப்பில் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகும். புதுக் குடியிருப்புகளில் குடிநீர், சாக்கடை அமைத்த கடனை அடைக்க 'மட்' வரி தனியாகச் சேரும். நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் ஹோம்ஸ்டெட் எனப்படும் சொத்துவரி விலக்குக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். அதன்பின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது.

பூச்சிகள்?

கொசு உண்டு, கறையான் உண்டு, பறக்கும் பெரிய கரப்பான் உண்டு. புதிதாகப் பார்க்கப் போவது நெருப்பெறும்பு. புல்லில் மண்மேடு தெரிந்தால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வெள்ளத்தில் அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு தெப்பமாக மிதந்து வரும், தொட்டுவிடாதீர்கள்.

கறிவேப்பிலை வளருமா?

மரமாகவே வளரும். முருங்கையும் வளரும். ஆனால் வெளி மாநிலத்திலிருந்து செடியைத் தொட்டியோடு தூக்கி வராதீர்கள். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால் தடை இருக்கிறது. இங்கேயே வாங்குங்கள், தொட்டியில் வையுங்கள், உறைபனி இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். 2021 பிப்ரவரியில் தரையில் நின்ற எங்கள் மரம் கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்க்க மே மாதமாகியது.

வந்ததும் வாங்கலாமா, வாடகையா?

ஓராண்டு வாடகை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஒன்றை முழுமையாக வாடகை வீட்டில் கழியுங்கள், முடிந்தால் இரண்டாம் மாடியில். விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த ஓராண்டில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் மின்சாரம் முதலில் திரும்புகிறது, கோடையை உங்கள் மனைவியும் குழந்தைகளும் எப்படித் தாங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவியை நம்பி ஒருவர் வீட்டில் இருந்தால், மாற்று ஏற்பாடு உறுதியாகும் வரை வரவே வேண்டாம்.

ஒரு வீட்டு விலாசம் கையில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய?

ஃபெமா வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஹாரிஸ் கவுன்டியானால் அதன் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் வரைபடத்திலும் பாருங்கள். வெள்ளக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தெருவுக்குப் போய், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் யாரையாவது நிறுத்தி, "ஹார்வியில் இங்கே எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் கையால் காட்டுவார்கள்.